செவிக்குரிய கவிதையும் ஊர் நூலகமும்

(ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்ட ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உங்கள் வட்டத்தின் செயலாளர் என்னை அழைக்க வந்தபோது, நான் பேசவேண்டிய பொருளையும் தாமே தீர்மானித்துக்கொண்டு வந்திருந்தார். மாதந்தோறும் ஒரு சனிக்கிழமை மாலையில் இந்த நூலகத்தில் கவியரங்கம் நடந்துவருகிறதென்றும், அதற்கென்றே வருகிறவர்கள் ஒருபுறம் இருக்க, அமைதியாகப் படிக்கவேண்டிய இடத்தில் குரலெடுத்துப் பாட்டுப் படிப்பது முறைதானா என்று ஆக்ஷேபிக்கிறவர்களும் ஊரில் இருக்கிறார்களென்றும், அந்த ஆக்ஷேபத்திற்கு நான் சமாதானம் சொல்லவேண்டுமென்றும் அவர் கேட்டுக்கொண்டார்.

ஆக்ஷேபம் செய்பவர்களை ரசனையில்லாதவர்கள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. இந்த நேரத்திலும் மாடியில் பத்துப் பதினைந்து இளைஞர்கள் அரசுப்பணித் தேர்வுக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் பலருடைய வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு தனியே உட்கார ஓர் அறை கிடையாது. நூலகத்தின் நிசப்தம் அவர்களுக்கு வெறும் சௌகரியமன்று, வாழ்க்கையில் மேலேறுவதற்கு உள்ள ஒரே படி. ஆகவே அரங்கு கீழ்க்கூடத்தில், ஒலிபெருக்கியின்றி, கதவைச் சாத்திக்கொண்டு நடைபெறவேண்டும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒலிபெருக்கி இல்லாமற் போவதால் கவிதைக்கு ஒரு நஷ்டமும் இல்லை, லாபமே உண்டு என்பதைப் பின்னர்ச் சொல்லுவேன். ஆனால் நிசப்தம் ஒன்றுக்காகவே நூலகம் ஏற்பட்டது என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்வதற்கில்லை.

சீர்காழியில் 1892-இல் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். இரங்கநாதன் அவர்கள், நூலகத்திற்கென்று ஐந்து விதிகளை வகுத்து 1931-இல் நூலாக வெளியிட்டார். நூல்கள் பயன்படுவதற்கே உரியவை என்பது அவற்றுள் முதல் விதி. அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில், மன்னார்குடிக்கு அருகிலுள்ள மேலவாசலில், கனகசபைப் பிள்ளை அவர்கள் அமைத்த மாட்டுவண்டி நூலகம் கிராமங்களை நோக்கிப் புறப்பட்டபோது அதைத் தொடங்கிவைத்தவரும் இரங்கநாதனே. எழுத்தறிந்தவர்கள் அருகியிருந்த அந்தக் காலத்தில் வண்டியிலிருந்து இறங்கிய புத்தகம், படிக்கத் தெரிந்த ஒருவர் வாய்விட்டுப் படிக்க, திண்ணையில் கூடிய பலர் கேட்டே பிரயோஜனப்பட்டிருக்கும் என்று ஊகிப்பதில் தவறில்லை. பின்னர், அவிநாசிலிங்கம் செட்டியார் கல்வியமைச்சராக இருந்த 1948-இல், சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது; விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் அதுவே. இன்று நாம் செலுத்தும் சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகச் சேர்கிறது. இந்தக் கூடத்தில் கவிதை கேட்க அமர்ந்திருப்பவர்கள் யாருடைய தயவிலும் இங்கு வந்தவர்கள் அல்லர். தங்கள் சொந்தச் செலவில் நடக்கும் ஒரு சபையில், உரிமையோடு அமர்ந்திருக்கிறார்கள். புரவலன் ஒருவனுடைய முகத்தைப் பார்த்துப் பாடவேண்டிய நிலையில் நெடுங்காலம் இருந்த தமிழ்ப் புலவனுக்கு இப்படிப்பட்ட சபை கிடைத்திருப்பது சாமானியமான காரியமன்று.

இனிக் கவிதையின் பக்கம் வருவோம். தமிழ்க் கவிதை செவிக்கென்று பிறந்தது என்பதற்கு ஓலைச்சுவடியைவிடச் சிறந்த சாட்சி வேண்டியதில்லை. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு இராது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி இராது. செய்யுளின் அடிகள் வரிவரியாகப் பிரிந்து நிற்கமாட்டா. இந்த நிலையில், கண் ஒரு சுவடியைப் பார்த்த மாத்திரத்தில் கவிதையைக் கண்டுகொள்வது இயலாது. யாப்பை அறிந்த ஒருவர், எதுகையும் மோனையும் எங்கே விழுகின்றன என்று நாவினால் தேடிப் படித்துப் பார்த்த பிறகே, அங்கே இருப்பது வெண்பாவா விருத்தமா என்பது புலப்படும். ஏட்டில் உறங்கிய எழுத்தைக் கவிதையாக எழுப்பியது குரல்தான். அச்சு வந்த பிறகே கண்ணுக்கு இந்த அதிகாரம் கிடைத்தது. அடி பிரித்தும், சந்தி பிரித்தும், குறியீடுகள் இட்டும் பதிப்பித்தார்கள், மர்ரே எஸ். ராஜம் அவர்களுடைய பதிப்புகள் அந்த வகையில் சாதாரண வாசகனுக்குச் செய்த உபகாரம் மிகப் பெரிது. ஆயினும் கண்ணுக்கு எளிதாகிய அளவுக்குச் செவிக்கு வேலையில்லாமற் போயிற்று என்பதையும் நாம் மறுக்கமுடியாது.

நம் முன்னோர் இந்த விஷயத்தில் எவ்வளவு திட்டமாக இருந்தார்கள் என்பதற்கு, பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் கூறுவதை நினைத்துப் பாருங்கள். ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் எழுதுகிறவர், ஆக்கியவன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், பயன் ஆகியவற்றோடு, அதைக் கேட்போர் இன்னார் என்பதையும் சொல்லவேண்டும் என்கிறார். காலமும் காரணமும் மட்டுமின்றி, அந்நூல் அரங்கேறிய சபையாகிய களனையும் சேர்த்துச் சொல்வாரும் உளர் என்று மேலும் கூறுகிறார். கேட்டவர்களும் கேட்ட இடமும் நூலுக்குப் புறம்பான செய்திகள் என்று அவர்கள் கருதவில்லை; ஆசிரியன் பெயரோடு ஒருங்கு எண்ணத்தக்க அங்கங்கள் என்று கருதினார்கள். தொல்காப்பியத்தின் பாயிரம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தையும், அங்கே அந்நூலைக் கேட்ட அதங்கோட்டாசானையும் பெயர் சொல்லி நிறுத்தியிருப்பதன் காரணம் இதுவே. கேட்டவனுடைய பெயரை இத்தனை நூற்றாண்டுகளாகக் காத்துவைத்திருக்கிற சமூகம், கேட்பதை ஒரு பெரிய தொழிலாக மதித்திருக்கிறது.

அந்த மரபு நேற்றுவரை உயிரோடு இருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்கள் தலபுராணங்களை அந்தந்த ஊர்க் கோயிலிலேயே அரங்கேற்றினார்கள். ஆவுடையார்கோயிலில் திருப்பெருந்துறைப் புராணம் அரங்கேறிய காலத்தில், மாணவராக இருந்த உ. வே. சாமிநாதையர் செய்யுளை இசையோடு படிக்க, ஆசிரியர் அதற்குப் பொருள் விரித்த செய்தியை ஐயரவர்களுடைய சுயசரிதத்தில் காண்கிறோம். அங்கே இருந்து கேட்டவர்கள் எல்லாரும் வித்துவான்கள் அல்லர். கோயிலுக்கு வந்தவர்கள், நிலத்தில் உழைத்தவர்கள், தங்கள் ஊர் ஈசுவரனைப் பற்றிய பாட்டு என்பதனாலேயே வந்து உட்கார்ந்தவர்கள். அந்தப் பாட்டுகளில் எத்தனை அவர்களுக்கு முற்றும் விளங்கின என்று கேட்பது வீண். தங்கள் ஊரின் பெயர் ஒரு விருத்தத்தின் நடுவே கம்பீரமாக ஒலிப்பதைக் கேட்டு அவர்கள் அடைந்திருக்கக்கூடிய பெருமிதம் உண்மையான இலக்கிய அநுபவமே.

கோயில் மண்டபத்திலிருந்து சபை மெள்ள மெள்ள வாசகசாலைக்கு நகர்ந்தது. 1921-ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில், ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையத்து வாசகசாலையின் ஆண்டு விழாவுக்கு, வழக்கறிஞர் தங்கபெருமாள் பிள்ளை அவர்களுடைய அழைப்பை ஏற்று மகாகவி பாரதியார் சென்றார். மனிதனுக்கு மரணமில்லை என்பது அவர் அங்கே எடுத்துக்கொண்ட விஷயம். அந்தப் பிரயாணத்தைப் பற்றிச் சுதேசமித்திரனில் எழுதவும் செய்தார். அதே ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அவர் காலமானார். நாட்டின் பெரிய கவி தம் கடைசி நாட்களில் ஏறிய மேடைகளுள் ஒன்று, சிறியதோர் ஊரின் வாசகசாலையில் அமைந்திருந்தது. மரணமில்லை என்று அவர் பேசக் கேட்டவர்கள், அடுத்த மாதங்களில் அவர் மறைந்த செய்தியையும் கேட்டிருப்பார்கள். அந்தக் கேட்போருக்கு எந்தப் பாயிரமும் எழுதப்படவில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிற விஷயம்.

செவியால் கவிதையை அநுபவிப்பதை ஒரு கலையாகவே வளர்த்தவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் அவர்கள். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவருடைய வீட்டில் நடந்த ‘வட்டத்தொட்டி’ என்னும் இலக்கியக் கூட்டத்தில் கூடியவர்களுள் நீதிபதி மகராஜன் இருந்தார், பாஸ்கரத் தொண்டைமான் இருந்தார். ஒரே ஒரு கம்பன் பாட்டை எடுத்துக்கொண்டு, திரும்பத் திரும்பப் படித்து, பொருள் குரலின் ஏற்ற இறக்கத்திலிருந்து தானாகவே வெளிப்படும்வரை விடாமல் அநுபவித்தார்கள். கம்பன் பாடல்களை அவர் திருத்திப் பதிப்பித்ததைப் பண்டிதர்கள் கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் கவிதையை எப்படிக் கேட்கவேண்டும் என்று அவர் காட்டிய வழியில் பிழை காண்பது அரிது. அவசரமில்லாமை அந்த வழியின் உயிர்நிலை. ஐம்பது பாட்டுகளை ஒரு மாலையில் கேட்டவனைவிட, ஒரு பாட்டை ஐந்து முறை கேட்டவன் பாக்கியசாலி.

இதற்கு நேர்மாறான வழியில் வளர்ந்ததுதான் பெரிய மேடைக் கவியரங்கம் என்று சொன்னால், இங்குள்ள கவிஞர்கள் என்மேல் கோபங்கொள்ளமாட்டார்கள் என்று நம்புகிறேன். 1939-இல் காரைக்குடியில் சா. கணேசன் அவர்கள் கம்பன் கழகத்தைத் தொடங்கியது முதல், தமிழ்நாடெங்கும் இலக்கிய விழாக்கள் பெருகின. பொங்கலுக்கும் பாரதி விழாவுக்கும் வானொலியில் கவியரங்கம் ஒலித்தது. தலைமைக் கவிஞர் ஒருவர், ஒரு பொதுத் தலைப்பு, அதைப் பங்கிட்டுக்கொண்ட உபதலைப்புகள், ஒவ்வொரு கவிஞரையும் தலைவர் கவிதையாலேயே அழைத்துக் கவிதையாலேயே பாராட்டும் முறை, நல்ல அடி வந்தபோது சபை மீண்டும் என்று கேட்கக் கவிஞர் அந்த அடியை மறுபடி சொல்லும் வழக்கம், இவையெல்லாம் அழகானவையே. கேட்பவனுக்கு ஏட்டைப் பின்னோக்கித் திருப்பும் வசதி இல்லாத காரணத்தால், அடியை இருமுறை சொல்வது ஆடம்பரமன்று, அவசியம். ஆனால் கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகி, ஒலிபெருக்கி வந்து சேர்ந்தபோது, கைத்தட்டல் எங்கே விழும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு அடியை முடிக்கும் பழக்கம் கவிஞர்களிடம் தோன்றியது. தலைவரைப் புகழும் பகுதி நீண்டது. கவிதைப் பகுதி சுருங்கியது. மெல்லச் சொல்லவேண்டிய உணர்ச்சியை உரக்கச் சொன்னார்கள். உரக்கச் சொல்லமுடியாத உணர்ச்சி மேடையை விட்டு நீங்கிவிட்டது. ஒலிபெருக்கி இல்லாமை கவிதைக்கு லாபம் என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான். முப்பது பேர் உள்ள கூடத்தில், சாதாரணக் குரலில் படித்தால் கடைசி நாற்காலிக்கும் கேட்கும். அந்தக் குரலில் பொய் சொல்வது கடினம்.

சென்ற மாதம் இங்கே நடந்த அரங்குக்கு நான் முன்னறிவிப்பின்றி வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கைத்தறி நெய்கிற ஒருவர் நெசவைப் பற்றி ஒரு பாட்டுப் படித்தார். தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தவனுக்கு உலகம் இடுப்புக்கு மேலே தொடங்குவதைச் சொல்லி, நாடா ஓடும் ஓசையைச் சிந்துநடையில் வைத்து, அதிகாலையில் தெருவில் பாவை விரித்துக் கஞ்சி போடும் காட்சியை மழைத்தூறலோடு சேர்த்து அவர் வருணித்தபோது, சபை மிகவும் ரசித்தது; நானும் ரசித்தேன். பாட்டு முடிந்ததும், இரண்டாம் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து, “தம்பி, பாட்டு ரொம்ப நல்லா இருக்கு, ஆனா தூறல் விழுந்தா யாருப்பா பாவைத் தெருவுக்குக் கொண்டாருவா? கஞ்சி காயாதே” என்றார். அவரும் நெசவாளி. கவிஞர் ஒருகணம் நின்றார்; பிறகு, “ஆமாங்க ஐயா, அழகுக்காக மழையைக் கொண்டுவந்துட்டேன்” என்று சொல்லி, பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த அடிகளை அங்கேயே அடித்துவிட்டார்.

அன்பர்களே, இதைவிட உயர்ந்த ஓர் அரங்கேற்றத்தை நான் எங்கும் கண்டதில்லை. தடை எழுப்புவோரும் விடை இறுப்போருமாகப் பழைய சபைகள் செய்த காரியம் இதுதான். அந்தப் பாட்டை ஒரு பத்திரிகைக்கு அனுப்பியிருந்தால், ஆசிரியர் மழையைப் பாராட்டியே வெளியிட்டிருப்பார். பெரிய மேடையில் படித்திருந்தால், மழைக்கென்றே கைத்தட்டியிருப்பார்கள். தொழிலை அறிந்தவன் கேட்போனாக எதிரில் உட்கார்ந்திருந்ததனால் மட்டுமே உண்மை தப்பிப் பிழைத்தது. எந்த உயிருள்ள பொருளைப் பற்றிப் பாட்டு எழுதினாலும், அந்தப் பொருளோடு தினமும் புழங்குகிற ஒருவன் அநேகமாக இந்த ஊரில் இருப்பான். அவன் நூலகத்திற்கு வந்து உட்காரக்கூடியவன். ஊர்ச் சபையின் பெருமை இதில் இருக்கிறது. அதை வளர்ப்பதற்குச் செய்யவேண்டிய காரியம், கவிஞர்களைத் தேடுவதைக் காட்டிலும் அதிகமாகக் கேட்போரைத் தேடுவது.

அன்று படித்தவர்களுள் பள்ளி மாணவி ஒருத்தியும் இருந்தாள். யாப்பில்லாத புதுக்கவிதையைப் படித்தாள். சி. சு. செல்லப்பா 1959-இல் எழுத்து என்னும் பத்திரிகையைத் தொடங்கி இந்த வகைக் கவிதைக்கு இடம் கொடுத்தது முதல், அது கண்ணுக்கு உரிய கவிதை, செவிக்கு உரியதன்று என்ற அபிப்பிராயம் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. எதுகையின் துணை இல்லாததால் அடி எங்கே முடிந்தது என்பதைச் செவி தானாக அறியாது என்பது வாஸ்தவமே. அந்தக் குழந்தை கூச்சத்தினால் மூச்சுவிடாமல் படித்து முடித்தபோது ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. நூலகர் அவர்கள், “இன்னொரு தரம் நிதானமாப் படிம்மா” என்றார்கள். இரண்டாம் முறை, வரி முறிகிற இடந்தோறும் நிறுத்திப் படித்தாள். அவளுடைய பாட்டனார் கண்பார்வை மங்கிய பின்பு செய்தித்தாளை வெறுமனே மடித்துப் பிரிக்கிறார் என்ற விஷயம் ஒவ்வொரு வரியாக விளங்கிற்று. மேடையில் அடியை இருமுறை சொல்லும் வழக்கத்தைப் பற்றிச் சற்று முன்பு சொன்னேன். புதுக்கவிதைக்கு முழுப்பாட்டையுமே இருமுறை படிக்கும் விதியை இங்கே வைத்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். நேரம் போதாதே என்றால், பொன்னாடைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். அன்றைய மாலையில் சால்வை போர்த்தவும் புகைப்படம் எடுக்கவும் செலவான நேரத்தில் நான்கு கவிதைகளை மறுமுறை கேட்டிருக்கலாம். மரியாதை செய்யவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு கவிஞனுடைய பாட்டை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்பதைப் போன்ற மரியாதை அவனுக்கு வேறில்லை.

நூலகத்தில் கவியரங்கம் நடப்பதற்கும் வேறு மண்டபத்தில் நடப்பதற்கும் இன்னொரு பேதம் உண்டு. கல்யாண மண்டபத்தில் பாட்டு முடிந்தால் அதோடு முடிந்தது. இங்கே, கேட்டு மனம் அசைந்தவன் எழுந்து நாலடி நடந்தால் அலமாரி இருக்கிறது. சிந்துநடையைக் கேட்டு மகிழ்ந்தவன் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தை அன்றே வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். புதுக்கவிதையைக் கேட்டவன் ந. பிச்சமூர்த்தியை எடுத்துச் செல்லலாம். அரங்கு நடக்கும் நாளில் கவிதை நூல்களை அலமாரியிலிருந்து இறக்கி, வாயிலருகே ஒரு மேசையில் பரப்பிவைத்து, கூட்டம் கலையும்வரை புத்தகம் வழங்கும் பதிவேட்டை மூடாமல் வைத்திருக்கவேண்டும். மாலை ஆறு மணிக்கே பதிவேட்டை மூடிவிட்டுக் கவிதை கேட்கச் சொல்வது பாதி உபசாரம். கேட்போரைத் தேடவேண்டும் என்று சொன்னேன்; நடவுப் பாட்டும் தாலாட்டும் அறிந்த முதிய பெண்கள் இந்த ஊரின் தெருக்களில் இருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாததனாலேயே நூலகத்தின் வாசலுக்கு வராமல் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களை யாரேனும் கையைப் பிடித்து அழைத்துவந்து இந்த நாற்காலிகளில் உட்காரவைக்கவேண்டும்.

கடைசியாக இரண்டு விண்ணப்பங்கள். இங்கே படிக்கப்படும் கவிதைகளைத் தேதியிட்டு ஒரு நோட்டில் பிரதி செய்து, அதை நூலகத்தின் சேர்க்கைப் பதிவேட்டில் மற்ற நூல்களைப் போலவே எண் கொடுத்து ஏற்றுங்கள். ஒவ்வொரு கவிதைக்கும் கீழே அன்று யார் யார் கேட்டார்கள் என்பதையும் எழுதுங்கள். நெசவுப் பாட்டில் அடித்த அடிகளை அடித்தபடியே வைத்து, திருத்தம் சொன்ன பெரியவரின் பெயரையும் பக்கத்தில் குறியுங்கள். இரண்டாவது, டி. கே. சி. அவர்களுடைய ‘கம்பர் தரும் ராமாயணம்’ இந்த நூலகத்தில் இல்லையென்று நூலகர் சொன்னார்கள். என்னிடமுள்ள பிரதியைக் கொண்டுவந்திருக்கிறேன். சில பக்கங்களில் என்னுடைய பென்சில் கோடுகள் இருக்கும். அவற்றைப் பொறுத்துக்கொண்டு இதை ஏற்கவேண்டும் என்றும், அடுத்த அரங்கை இதிலுள்ள ஒரு பாட்டோடு தொடங்கவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டு, கவிஞர்களுக்கு வழிவிடுகிறேன்.